புகழுடம்பு செய்த உளி

பொதுச் சுவரிலோ பிறருக்கு உரிய சுவரிலோ ஒருவர் தம் பெயரை, அல்லது தாமே சூட்டிக்கொண்ட ஒரு பெயரை, கீறியோ தீட்டியோ வைப்பதைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ‘கிராஃபிட்டி’ என்னும் சொல், கீறுதல் என்று பொருள்படும் இத்தாலிய வினையிலிருந்து பிறந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தை அகழ்ந்தவர்கள், அங்கே சுவர்தோறும் காணப்பட்ட ஆயிரக்கணக்கான கிறுக்கல்களை அரசு சார்ந்த கல்வெட்டுகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தபோது, 19ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆய்வுலகில் நிலைபெற்றது. தமிழகத் தொல்லியலாளர்களும் இதே சொல்லைப் பானை ஓடுகளில் காணப்படும் கீறல் குறியீடுகளுக்கு வழங்குகின்றனர். திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், அத்தகைய கீறல்களோடு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன.

இன்றைய பொருளில் இக்கலையின் வரலாறு பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் தொடங்குவதாகவே பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. 1960களில் பிலடெல்பியாவின் சுவர்களில் ‘கார்ன்பிரெட்’ என்னும் பட்டப்பெயரை எழுதிச் சென்ற இளைஞரும், நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் தம் செல்லப்பெயரோடு தெரு எண்ணையும் சேர்த்து ‘டாக்கி 183’ என்று எழுதி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் செய்தியான இளைஞரும் இதன் முன்னோடிகளாகக் கொள்ளப்படுகின்றனர். இவர்கள் எழுதிய முறைக்கு ‘டேக்’ என்று பெயர். தனக்கென ஒருவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயரைத் தனக்கே உரிய எழுத்து வடிவில் இடமிடமாகத் திரும்பத் திரும்ப எழுதும் கையொப்பம் என்று அதனை விளக்கலாம். பெற்றோர் இட்ட பெயரை விடுத்துத் தானே புனைந்த பெயர், அப்பெயரின் ஓயாத திரும்பல், எழுத்தையே ஓவியமாக்கும் ஆசை ஆகிய மூன்றும் அதன் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழ்நாட்டில் தேடினால், பெயரும் காலமும் பணியிடங்களும் தெரிந்த முதல் ஆளாகக் கிடைப்பவன் ஒரு மன்னன். ஏறத்தாழ கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், தொண்டை நாட்டிலிருந்து காவிரிக்கரை வரை தான் குடைவித்த பாறைகளில் எல்லாம் தன் பட்டப்பெயர்களை வெட்டுவித்தான். அப்பணியின் தென்கோடி எல்லை திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உள்ளது. அரசனுக்குப் பாறை சொந்தம், சுவரெழுத்தனுக்குச் சுவர் சொந்தமில்லை, ஆகவே இந்த ஒப்பீடு பொருந்தாது என்று மறுப்போர் உண்டு. அந்தப் பாறை அவனுக்கு முன் எவர் கையில் இருந்தது என்பதைப் பார்த்தால் இந்த மறுப்பின் வலு குறையும்.

பெயரைக் கல்லில் கீறும் பழக்கம் தமிழருக்கு மகேந்திரவர்மனுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. எகிப்து நாட்டு அரசர் பள்ளத்தாக்கின் பழங்கல்லறைகளில், கிரேக்கப் பயணிகள் கீறிவைத்த ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே, சிகை கொற்றன் என்னும் ஒருவன் தன் பெயரைத் தமிழ்ப் பிராமியில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் கீறியிருப்பதை அண்மையில் ஆய்வாளர்கள் அறிவித்துள்ளனர். வணிகம் தேடிக் கடல் கடந்த அந்தக் காலத் தமிழன், பார்க்கப்போன இடத்தில் இன்றைய சுற்றுலாப் பயணி செய்வதையே செய்திருக்கிறான் என்பது ஒருபுறம் நகைப்புக்கும் ஒருபுறம் வியப்புக்கும் உரியது.

திருச்சிராப்பள்ளி மலையிலும் அத்தகைய பெயர்கள் உண்டு. உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், மக்கள் எளிதில் செல்லாத சரிவில், இயற்கையாக அமைந்த குகைத்தளத்தில் சமணத் துறவியர் படுத்துறங்கச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் தலைமாட்டில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைச் ‘சிரா’ எனப் படித்த அறிஞர்கள், அத்துறவியின் பள்ளி, அதாவது சமண உறைவிடம், சிராப்பள்ளி ஆயிற்று என்பர். மூன்று தலை கொண்ட திரிசிரன் என்னும் அரக்கன் வழிபட்ட தலம் என்று புராணம் சொல்லும். ‘திருச்சிலாப்பள்ளி’ எனப் பிரித்துப் புனிதப் பாறை ஊர் என்று பொருள் கொள்வாரும் உண்டு. முதல் விளக்கமே சரியாக இருக்குமானால், பல இலட்சம் மக்கள் வாழும் ஒரு மாநகரம் தன் பெயரை ஒரு துறவி படுக்கையோரக் கல்லில் விட்டுச்சென்ற இரண்டெழுத்திலிருந்து பெற்றிருக்கிறது என்றாகும்.

மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு காவிரி பாயும் நாடு வரை பல்லவ ஆட்சியை விரித்தவன். தந்தை வென்ற நிலத்தின் தெற்கு விளிம்பில் எழுந்து நிற்கும் இந்தப் பாறை, மகன் கண்ணுக்கு எழுதப்படாத பெரும் பலகையாகத் தோன்றியிருக்க வேண்டும். சமண சமயத்தைச் சார்ந்திருந்த அவன், திருநாவுக்கரசர் வழியே சைவனானான் என்றும், பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. ‘குணபரன்’ என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களுள் ஒன்று என்பதால்தான் புராணத்துப் பல்லவனும் கல்வெட்டுப் பல்லவனும் ஒருவனே என்று ஆய்வாளர் இனங்காண முடிந்தது.

அவனது பணியின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வது விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயில் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்துடன் அறிவிக்கிறது. ஆக்கியவன் பெயராக அது தருவது ‘விசித்திரசித்தன்’ என்பதாகும். புதுமையில் நாட்டங்கொண்ட மனத்தன் என்று அதற்குப் பொருள். மகேந்திரன் என்ற இயற்பெயரோ குலமோ தந்தை பெயரோ அதில் இல்லை. கட்டுமானப் பொருள்களின் பட்டியலையே எதிர்மறையாகப் பாடி, அதன் இறுதியில் புனைபெயரில் ஒப்பமிடும் இந்தத் துணிவு, கொடையும் எல்லையும் ஆட்சியாண்டும் மட்டுமே சொல்லிப் பழகிய அரச சாசன மரபுக்கு முற்றிலும் புதிது.

அதன்பின் அவன் எங்கெல்லாம் சென்றானோ அங்கெல்லாம் கோயிலின் பெயரே அவன் பெயராயிற்று. தளவானூரில் சத்துருமல்லேசுவராலயம், சீயமங்கலத்தில் அவநிபாஜன பல்லவேசுவரம், மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் என்னும் ஏரிக்கரையில் மகேந்திர விஷ்ணு கிருகம், திருச்சிராப்பள்ளியில் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என ஒவ்வொன்றிலும் அவன் பெயர்களுள் ஒன்று தெய்வத்தின் பெயருக்கு முன்னே நிற்கிறது. செங்கற்பட்டுக்கு அருகில் வல்லத்தில் உள்ள குடைவரையை எடுப்பித்தவன் அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசனின் மகன் கந்தசேனன். அங்கேயும் தமிழில் அமைந்த கல்வெட்டில் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று தலைவனின் பட்டப்பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. தலைவன் பாணியைத் தொண்டனும் கைக்கொண்டான் என்பதே இதன் பொருள். நியூயார்க்கில் ‘டாக்கி’யைப் பார்த்து நூற்றுக்கணக்கான சிறுவர்கள் பெயரும் எண்ணும் எழுதப் புறப்பட்ட கதையை இது நினைவூட்டுகிறது.

இத்தகைய பட்டப்பெயரை வடமொழியில் ‘பிருதம்’ என்பர். அதுவே தமிழில் ‘விருது’ ஆயிற்று. இன்று விருது என்றால் மேடையும் பொன்னாடையும் கேடயமும் நினைவுக்கு வருகின்றன. பிறர் கொடுப்பது அது. மகேந்திரவர்மன் காலத்து விருதோ பெரும்பாலும் தானே எடுத்துக்கொள்வது. சென்னையை ஒட்டிய பல்லாவரத்துக் குடைவரையிலும் திருச்சிராப்பள்ளிக் குடைவரையிலும் இவ்விருதுகள் எந்த வாக்கியத்திலும் அடங்காமல், எந்தக் கொடையையும் சொல்லாமல், தூணிலும் உத்திரத்திலும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. வரலாற்றாசிரியருக்கு வேண்டிய ஆண்டுக் கணக்கோ ஊர்ப் பெயரோ அவற்றில் இல்லாததால் நெடுங்காலம் அவை பட்டியலிட்டு ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியது பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவை செய்தி சொல்ல வெட்டப்பட்டவை அல்ல, பார்க்கப்பட வெட்டப்பட்டவை.

மலைக்கோட்டையின் படிக்கட்டில் தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறுவோர், மூச்சு வாங்க ஒரு கணம் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே இக்குடைவரை தெற்கு நோக்கி அமைந்துள்ளது. பெரும்பாலோர் பார்க்காமலே கடந்துவிடுவர்; பிள்ளையாரைப் பார்க்க வந்தவருக்குப் பல்லவனோடு என்ன வேலை. முகப்பில் நான்கு முழுத்தூண்களும் இரு ஓரங்களில் இரு அரைத்தூண்களும் உள்ளன. மகேந்திர பாணி என்று கலை வரலாற்றில் பெயர்பெற்ற அத்தூண்கள் அடியும் தலையும் நாற்புறச் சதுரமாகவும், இடைப்பகுதி எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்டவை. சதுரத்தைச் ‘சதுரம்’ என்றும் எண்பட்டை இடையைக் ‘கட்டு’ என்றும் சிற்பியர் குறிப்பர். சதுரங்களின் முகத்தில் தாமரைப் பதக்கங்களும், அவற்றையொட்டி விருதுப் பெயர்களும் உள்ளன. உள்ளே கிழக்குச் சுவரில் கருவறை. அதற்கு நேரெதிரே மேற்குச் சுவர் முழுவதையும் நிறைத்துக் கங்காதரர் சிற்பம்.

எழுத்துகளை அருகில் சென்று பார்க்க வேண்டும். வடமொழியை எழுதுவதற்கெனத் தென்னாட்டில் வளர்ந்த பல்லவக் கிரந்தம் அது. ‘க’, ‘ர’ போன்ற எழுத்துகளின் நெடுங்கோடு கீழே இறங்கி அங்கேயே முடியாமல், இடப்புறம் வளைந்து மீண்டும் மேல்நோக்கி ஏறுகிறது. படிப்பதற்கு அந்த வளைவு தேவையில்லை. கோடு அடியில் நின்றிருந்தாலும் எழுத்து எழுத்துதான். தேவையைக் கடந்த அந்த ஒரு சுழிப்பில்தான் எழுத்தன் ஓவியனாகிறான். நியூயார்க்கின் ரயில் பெட்டிகளில் எழுத்தின் வாலை நீட்டி அம்பாக்கியவர்களும், கல்யாண மண்டபத்து வாயிலில் மணமக்கள் பெயரைச் சுழித்து எழுதும் நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டும் அந்த வளைவைக் கண்டால் தம் இனம் என்று உடனே அறிவர்.

பெயர்களின் பொருளும் கூர்ந்து நோக்கத் தக்கது. குணபரன் என்றால் நற்குணங்களைத் தாங்குபவன், சத்தியசந்தன் என்றால் சொன்ன சொல் தவறாதவன், சத்துருமல்லன் என்றால் பகைவரோடு மற்போர் செய்பவன். இவை எந்த அரசனும் சூடக்கூடியவை. லளிதாங்குரன் என்பது எழில்மிக்க இளந்தளிர் என்று பொருள்படும். போர்க்களத்துக்கு உரிய பெயர் அன்று. மத்தவிலாசன் களிமயக்கில் திளைப்பவன்; கலகப்பிரியன் சண்டையில் விருப்பமுள்ளவன். சங்கீர்ணஜாதி என்பதற்குத் தாள வகை ஒன்றைக் கண்டவன் என்று இசையறிஞரும், கலப்புக் குலத்தான் என்று வேறு சிலரும் பொருள் கூறி இன்றுவரை வழக்கு முடியவில்லை. சித்திரகாரப்புலி, அதாவது ஓவியருள் புலி, வடசொல்லோடு தமிழ்ச் சொல் ஒட்டிய கலவை. இவற்றோடு தெலுங்கு வழக்கைக் காட்டும் விருதுகளும், இன்னும் பொருள் விளங்காத விருதுகளும் உண்டு. தன்னைப் புகழ்வதும் தன்னைக் கேலி செய்வதும் ஒரே தூணில் அடுத்தடுத்து நிற்கும் அரச சாசனம் இந்தியாவில் அரிது.

அந்தக் கேலி தற்செயல் அன்று என்பதற்கு அவன் எழுதிய நாடகமே சான்று. மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அந்த வடமொழி நகை நாடகத்தைத் த. கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரத்திலிருந்து பதிப்பித்தபோதுதான், மகேந்திரவர்மன் நாடகாசிரியனும் ஆவான் என்பது உலகுக்குத் தெரிந்தது. காஞ்சித் தெருவில் குடித்துத் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி மேல் பழி போடுவதும், உண்மையில் அதனை ஒரு நாய் கவ்விச் சென்றிருப்பதும் அதன் கதை. நாடகத்தின் பெயரே ஆசிரியனின் விருது. உள்ளேயும் குணபரன், சத்துருமல்லன், அவநிபாஜனன் என்னும் விருதுகளைச் சிலேடையாக நுழைத்திருக்கிறான். பாறை கிடைக்காத இடத்தில் ஓலையில் எழுதினான் என்று கொள்ளலாம். குடுமியான்மலையில் உள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டையும் அவனுடையது என்று ஒரு காலத்தில் உறுதியாக எழுதினர். இன்று அதில் ஒருமித்த கருத்தில்லை. நல்ல கையொப்பம் உள்ளவன் பெயரில் ஊரில் உள்ள எழுத்தெல்லாம் சேர்வது இயல்பு.

இவ்வளவும் அவன் கையால் வெட்டியவை அல்ல. குடைவரை எடுக்கும் முறை கடுமையானது: பாறை முகத்தைச் சிறு சதுரங்களாகக் கோடிட்டு, கோடுகளை வாய்க்கால்போல ஆழப்படுத்தி, நடுவில் மேடாக நிற்கும் கட்டிகளை உடைத்தெடுத்து, மீண்டும் கோடிட்டு உள்ளே செல்ல வேண்டும், முடிவுறாமல் விடப்பட்ட குடைவரைகளில் அந்தக் கட்டங்களை இன்றும் காணலாம். சில அடிகளுக்குள் உளி மழுங்கிவிடும் என்பதால், கொல்லன் உலையில் காய்ச்சித் தட்டி நீரில் தோய்த்துக் கூராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்ட் டப்பாவைக் குலுக்கி அரை நிமிடத்தில் எழுதிவிட்டு ஓடுபவருக்கு இருக்கும் உரிமை, அதாவது பிழையாக எழுதிவிட்டு மேலே பூசிவிடும் உரிமை, கல்தச்சனுக்கு இல்லை. தூணில் ஒரு சுழி தவறினால் தூணே தவறியதாகும். அந்தச் சுழிகளைத் தவறாமல் வெட்டியவர்களின் பெயர் திருச்சிராப்பள்ளித் தூண்களில் இல்லை. சித்திரகாரப்புலி என்ற விருதுக்கு உரிமை கோரக்கூடியவர்கள் அவர்களே என்றாலும், விருதை எடுத்துக்கொண்டவன் கூலி கொடுத்தவன்.

அவன் என்ன எண்ணி இதைச் செய்வித்தான் என்பதற்குச் சான்று, கங்காதரர் சிற்பத்தின் இருபுறமும் உள்ள அரைத்தூண்களில் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் கல்வெட்டியலாளர் ஹுல்ச் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 33, 34ஆம் எண்களில் இடம்பெற்ற அவ்வடமொழிச் செய்யுள்கள், இந்திய அரச கவிதையில் தனி இடம் பெறத் தக்கவை. ஆறுகளின்மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு இம்மலைக்கே வந்து, இந்நதி பல்லவனுடைய காதலி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். மண்மேல் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழரின் வளநாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்க, மேகந்தொடும் இந்த மலைக்கோயிலைக் குணபரன் எடுத்தானாம். மாற்றுநெறியிலிருந்து அவன் திரும்பி இலிங்கத்தை வழிபடலானதையும் ஒரு செய்யுள் குறிப்பால் சொல்கிறது.

அவற்றுள் ஒரு செய்யுள், கல்லுளியால் சத்தியசந்தனின் மெய்யுடல் செய்யப்பட்டதையும், அதே உளியால் அவனது அழியாத புகழ்மேனியும் செய்யப்பட்டதையும் ஒருசேரக் கூறுகிறது. இறந்தபின்னும் நிற்பது எது என்ற கேள்விக்குத் தமிழ் மரபு ‘பூதவுடம்பு’, ‘புகழுடம்பு’ என இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. அந்த இரண்டையும் ஒரு கருவியின் வேலையாக்கிக் கூறியவர் வேறு எவரையும் சுட்டுவது கடினம். மெய்யுடல் என்று அச்செய்யுள் குறிப்பது எதனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே மன்னனின் உருவச் சிலை ஒன்று வைக்கப்பட்டிருந்தது என்று ஹுல்ச் வழியில் பலர் கொண்டனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மைக்கேல் லாக்வுட், எதிரில் நிற்கும் கங்காதரர் உருவமே மன்னன் சாயலில் வடிக்கப்பட்டதென்று வாதிட்டார். எது சரியாயினும், சடையைத் தாங்கி நிற்கும் இறைவனின் இருபுறமும் ஒருவன் தன் பெயர்களை நிறைத்து வைத்தான் என்பதும், அப்பெயர்களையும் ஓர் உடம்பாகவே அவன் கருதினான் என்பதும் தெளிவு.

மேலே எழுந்த மறுப்புக்கு இங்கே வரலாம். மகேந்திரவர்மன் வந்தபோது இம்மலை வெறும் பாறை அன்று. சமணர் படுத்துறங்கிப் பெயர் பொறித்த மலை. முன்பு தான் சார்ந்திருந்த சமயத்தாரின் பள்ளி அமைந்த பாறையில், அச்சமயத்தை விட்டு நீங்கியதைப் பாட்டாகவே வெட்டி, தன் புதிய இறைவனுக்குத் தன் பெயரிட்ட வீடு குடைந்தான். பிறர் பெயர் இருக்கும் சுவரில் அதைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதுவது சுவரெழுத்தாளரிடையே பெரும் சவாலாகக் கருதப்படுவது. ஆனால், படுக்கையோரப் பெயர்களை அவன் அழித்ததாகத் தெரியவில்லை. அவை இன்றும் மலையின் பின்புறத்தில் இருக்கின்றன. மேலே எழுதினானே தவிர மேலே பூசவில்லை.

அவனுக்கும் அதே நிலை வந்தது. சில நூற்றாண்டுகளுக்குப் பின், வேம்பையர்கோன் நாராயணன் என்னும் தமிழ்ப் புலவர் இம்மலை இறைவன்மேல் பாடிய சிராமலை அந்தாதி, நூறு பாடலுக்கு மேற்பட்ட நூல் முழுவதுமாக, மகேந்திரவர்மனின் குடைவரைக்குள்ளேயே வெட்டப்பட்டது. ஒரு பாடலின் ஈற்றுச் சொல்லே அடுத்த பாடலின் முதற்சொல்லாக வரத் தொடுப்பது அந்தாதி. ஓலையில் மட்டும் இருந்திருந்தால் கறையான் தின்றிருக்கக்கூடிய ஒரு நூல், பல்லவன் சுவரை இரவல் வாங்கியதால் பிழைத்தது. வடமொழி விருதுகளுக்கு நடுவே தமிழ்க் கட்டளைக் கலித்துறை வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஒரே சுவரில் இரண்டு தலைமுறை எழுத்தர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பது போலிருக்கும்.

மலையுச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத் தீவு தெரியும். 156 ஏக்கரில் ஏழு மதில்களுக்குள் அரங்கநாதர் கோயில். சுவரில் எழுதுவதன் இன்னொரு முகத்தை, மகேந்திரவர்மன் விட்டுவிட்ட முகத்தை, அங்கே காணலாம். முதலாம் பராந்தகன் காலந்தொட்டுச் சோழர், போசளர், பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர் என ஆண்டவர் எல்லாரும் அங்கே எழுதியுள்ளனர். 1982இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதி முழுவதும் அக்கோயில் ஒன்றன் கல்வெட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டது. அதில் உள்ளவை அறுநூறுக்கும் மேல். விளக்கெரிக்கப் பொன், தோப்புக்கு நிலம், திருநாளுக்கு நெல், வழக்கில் தீர்ப்பு என எல்லாம் அங்கே கணக்கோடு நிற்கின்றன; முடிவில் ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று அடியார்களின் காவலில் அறத்தை ஒப்படைக்கும் தொடர் வரும். கோயில் சுவர் அக்காலத்துப் பத்திரப் பதிவு அலுவலகம். அங்கே சுழிப்புக்கு இடமில்லை, இடத்தை மிச்சப்படுத்தும் நெருக்கமான எழுத்துக்கே இடமுண்டு.

ஆயினும் பெயராசை அங்கேயும் ஓயவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அரங்கன் கோயிலுக்குப் பொன் வேய்ந்து, அதனாலேயே ‘கோயில் பொன்மேய்ந்த பெருமாள்’ என்னும் விருதைப் பெற்றான். மதில்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றன. தருமவர்மன், இராசமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திரிவிக்கிரமன், கலியுகராமன் என ஏழு சுற்றுகளும் ஏழு பெயர்களில் வழங்குகின்றன. ஆலிநாடன் என்பவர் திருமங்கையாழ்வார். இரண்டாம் சுற்றின் இராசமகேந்திரன் சோழ மரபினன், மலைக்கோட்டைப் பல்லவன் அல்லன். பெயர் ஒற்றுமையால் மயங்குவோர் உண்டு என்பதால் இக்குறிப்பு. சுவரில் பெயரை வெட்டுவதற்குப் பதில், சுவருக்கே பெயராகிவிடும் முறை திருவரங்கத்தினுடையது. வெட்டிய எழுத்தாவது தேயும், தெருப்பெயரைத் தேய்ப்பது எளிதன்று.

மகேந்திரவர்மனின் பாணியை அதன் எல்லை வரை கொண்டு சென்றவன், அவன் வழிவந்த இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்மன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சுற்றுமதிலை ஒட்டிய சிறு கோயில்களில் அவனுடைய விருதுகள் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டுள்ளன. ஒரே விருது பல எழுத்து வடிவங்களில் அடுக்காகத் திரும்புகிறது. திறமை அங்கே கூடியிருக்கிறது, குறும்பு குறைந்துவிட்டது. களிமயக்கன் என்றோ கலக விரும்பி என்றோ தன்னைச் சொல்லிச் சிரிக்கும் குரல், முன்னோனோடு பெரும்பாலும் முடிந்துபோயிற்று. 634ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டில் சாளுக்கியப் புலவன் இரவிகீர்த்தி, பல்லவர் தலைவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒளியச் செய்ததாகத் தன் மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புகழ்கிறான். களத்தில் தோற்றவனுக்கும் கல்லில் பெயர் நிற்கும் என்பதை அந்தப் புலவன் எண்ணியிருக்க வழியில்லை.

தமிழ்நாட்டின் இன்றைய சுவர்களில் பெயர் எழுதுவோருக்கு 1959ஆம் ஆண்டின் பொது இடங்கள் சீர்கெடுத்தல் தடுப்புச் சட்டம் உண்டு. இருந்தும் தேர்தல் வருமுன்பே கட்சியின் பெயரும் ஆண்டும் சுண்ணாம்பில் எழுதி மதிலை முன்பதிவு செய்யும் வழக்கம் திருச்சியிலும் ஊர்ப்புறங்களிலும் அறியாதவர் இல்லை. மறுபுறம், சென்னைக் கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களை ஓவியமாக்கிய ஏ-கில் போன்றவர்களின் பணி, அனுமதியோடும் அழைப்போடும் நடக்கிறது; அங்கே கலைஞர் வரைவது பெரும்பாலும் அப்பகுதி மக்களின் முகங்களை, தம் பெயரை அன்று. குடைவரைச் சுவரில் கீறுவோருக்கோ தனிச் சட்டம்: 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு விதித்த மூன்று மாதச் சிறையும் ஐயாயிரம் ரூபாய் அபராதமும், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இரண்டு ஆண்டுச் சிறை, ஒரு இலட்சம் ரூபாய் அபராதம் என்னும் அளவுக்கு உயர்ந்தன.

விருதுகளைப் படிப்பது இன்னும் முடியவில்லை. திருச்சிராப்பள்ளியின் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் நிறுவிய மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையத்தினர், மகேந்திரர் குடைவரைகளை ஒவ்வொன்றாக நேரில் அளந்து, தூண்தூணாகப் படித்து நூலாக்கியுள்ளனர். தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. உச்சி வெயிலில் தூண் வெறும் தூணாகவே தெரியும். டார்ச் விளக்கைத் தூணின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும்; அப்போது உளி சென்ற பள்ளத்தில் மட்டும் நிழல் தங்கும். முதலில் இறங்கும் நெடுங்கோடு தெரியும், பின்பு அது இடப்புறம் திரும்புவது தெரியும், கடைசியில் மேலே ஏறும் சுழிப்பு தெரியும்.